என் ரிட்டர்ன்ல நான் சொல்லாத பொய்

ஓசூர்,
30-8-2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருமான வரி ரிட்டர்ன் போட செப்டம்பர் 15 வரைக்கும் டைம் குடுத்திருக்காங்கன்னு உங்க பேப்பர்ல படிச்சேன், இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு, அதுக்குள்ள இந்த லெட்டர் வந்தா என்னை மாதிரி இருக்கற நாலு பேருக்காவது உதவும்னு எழுதறேன். ரொம்ப நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா பாஸ்வேர்டு பத்தி சொல்ற இடத்தை மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க சார்.

எனக்கு 29 வயசு. டிப்ளமோ முடிச்ச கையோட சிப்காட்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில சேர்ந்தேன், குவாலிட்டி செக்ஷன், பத்து வருஷத்துல சம்பளம் கொஞ்சம் கொஞ்சமா ஏறி போன வருஷக் கணக்குக்கு 7,40,000 வந்திருக்கு. இத்தனை வருஷத்துல வருமான வரி ரிட்டர்னை நான் ஒரு தடவை கூட கண்ணால பார்த்ததில்ல. எங்க பக்கம் அதுக்குப் பேரே "ஐடி போடறது". ஜூன் ஜூலை ஆச்சுன்னா கம்பெனி கேட்டுக்கு எதிர்த்தாப்ல இருக்கற ஜெராக்ஸ் கடைக்கு ஒருத்தர் வருவாரு, ஷிஃப்ட் முடிஞ்சு போறப்ப பான் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், கம்பெனி குடுக்கற சம்பள-வரிச் சான்றிதழான ஃபார்ம் 16, ஐநூறு ரூபா குடுத்துட்டு பஸ் ஏறிடுவோம், ரீஃபண்ட், அதாவது பிடிச்ச வரி திரும்பி வந்தா, அதுல இருபது பர்சென்ட் அவருக்கு. யாரும் எதுவும் கேக்க மாட்டோம். போன்ல ஓடிபி வந்துச்சுன்னா அதையும் படிச்சுச் சொல்லிடுவோம். பணம் வருது, நல்ல மனுஷன், வேகமா முடிச்சுக் குடுக்கறாருன்னு நானே புதுசா சேர்ந்த பொண்ணுங்க ரெண்டு மூணு பேரை அவர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கேன், அதை நினைச்சா இப்ப மனசு கஷ்டமா இருக்கு.

இந்த வருஷம் ஏன் நானே போட்டேன்னா, எங்க லைன்ல வேலை செய்யற ஒரு அண்ணன் வீட்டு லோனுக்குப் போயிருந்தாரு. பேங்க்ல மூணு வருஷ ரிட்டர்ன் காப்பி கேட்டாங்க, அதை எடுத்துக் குடுத்தப்ப அந்த லோன் ஆபீசர் ஒரு பக்கத்தைப் பார்த்துட்டு, "நீங்க எந்தக் கட்சிக்கு சார் 60,000 ரூபா நன்கொடை குடுத்தீங்க?"ன்னு கேட்டிருக்காரு. இவருக்கு ஒண்ணும் புரியல. இவரு ஓட்டு போடறதைத் தவிர எந்தக் கட்சி ஆபீஸ் வாசலும் மிதிச்சதில்ல. 80ஜிஜிசின்னு ஒரு பிரிவு இருக்கு, அரசியல் கட்சிக்கு குடுத்த நன்கொடையை வருமானத்துல கழிச்சுக்கலாம், அதுல இவர் பேர்ல யாரோ 60,000 எழுதி வெச்சிருக்காங்க, அதனாலதான் ரீஃபண்ட் வந்திருக்கு. கேன்டீன்ல வெச்சு எங்ககிட்ட சொல்றப்ப அவர் கை நடுங்குச்சு. அந்த நேரம் பார்த்துதான் ஜூலை 14ஆம் தேதி நாடு முழுக்க 150 இடத்துல வருமான வரித்துறை இந்த மாதிரி பொய்க் கழிவு போட்டுத் தர்ற ஆளுங்களைச் சோதனை பண்ணினாங்கன்னு நியூஸ் வந்துச்சு. அதுக்கு முந்தின நாலு மாசத்துல மட்டும் 40,000 பேர் தாங்களாவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபா பொய்க் கழிவை வாபஸ் வாங்கியிருக்காங்கன்னும் அதே அறிவிப்புல இருந்துச்சு. அந்த 40,000 பேர்ல எத்தனை பேரு வேணும்னே பண்ணினாங்க, எத்தனை பேரு எங்க அண்ணன் மாதிரி ஜெராக்ஸ் கடையில பேப்பர் குடுத்துட்டு பஸ் ஏறினவங்கன்னு யாருக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து என் கணக்கைத் திறந்து பாக்கலாம்னு வருமான வரி வெப்சைட்டுக்குப் போனேன். யூசர் ஐடி நம்ம பான் நம்பர்தான், அது தெரியும். பாஸ்வேர்டு தெரியாது. என் சொந்தக் கணக்கோட பாஸ்வேர்டு என்கிட்ட இருந்ததே இல்லைங்கறது அப்பதான் உறைச்சுது. பேங்க் ஏடிஎம் பின்னை அம்மாகிட்ட கூட சொல்லாத நான், இதை யாருன்னே சரியா தெரியாத ஒருத்தர்கிட்ட விட்டு வெச்சிருந்தேன். ஃபர்காட் பாஸ்வேர்டு போட்டா ஆதார் ஓடிபி வழி காட்டுது, ஆதாரோட என் நம்பர் இணைஞ்சிருந்ததால தப்பிச்சேன், புது பாஸ்வேர்டு வெச்சு உள்ள போனேன். ப்ரொஃபைல்ல பார்த்தா மொபைல் நம்பர் என்னோடது இல்ல, ஈமெயிலும் என்னோடது இல்ல. அப்போ துறையிலருந்து எனக்குன்னு வந்த ஒவ்வொரு மெயிலும், நோட்டீஸே வந்திருந்தா கூட, அவருக்குத்தான் போயிருக்கும், எனக்கு வந்திருக்காது. முதல் வேலையா ரெண்டையும் மாத்தினேன். இதைப் படிக்கறவங்க வேற எதுவும் செய்யலைன்னாலும் பரவால்ல, இன்னிக்கே உள்ள போய் அந்த ரெண்டும் உங்களோடதான்னு மட்டும் பார்த்துடுங்க.

அப்புறம் பழைய ரிட்டர்ன் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா டவுன்லோடு பண்ணிப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துல ஒண்ணும் இல்ல. 2022-23 வருமானத்துக்குப் போட்ட ரிட்டர்ன்ல 80டின்னு ஒரு கழிவு, மருத்துவக் காப்பீடு பிரீமியம் 25,000 ரூபா. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். அந்த வருஷம்தான் எங்கம்மாவுக்கு பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் ஆச்சு. எங்க வீட்ல யாருக்குமே இன்சூரன்ஸ் கிடையாது, ஒரு பாலிசி இருந்திருந்தா நல்லாருந்திருக்குமேன்னு அப்பா ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து புலம்பினாரு, கடைசியில என்னோட ரெண்டு வளையலும் அம்மாவோட செயினும் அடகுக்குப் போய்த்தான் பில்லு கட்டினோம். அதே வருஷம் நான் 25,000 ரூபாய்க்கு இன்சூரன்ஸ் கட்டினேன்னு என் பேர்ல கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. கணக்கைப் போட்டுப் பார்த்தா காரணம் புரிஞ்சுது. அந்த வருஷம் என் சம்பளம் 6,20,000, கழிவெல்லாம் போக 5,21,900 வருது. 5 லட்சத்துக்குள்ள இருந்தா தள்ளுபடி கெடைச்சு வரியே இல்ல, தாண்டினதால 17,555 ரூபா வரி, அதைக் கம்பெனி டிடிஎஸ்ஸா, அதாவது சம்பளம் குடுக்கறப்பவே வரியா, பிடிச்சிருந்துச்சு. இந்த 25,000 பொய்யைச் சேர்த்ததும் 4,96,900 ஆயிடுச்சு, வரி ஜீரோ, பிடிச்ச பணம் மொத்தமும் ரீஃபண்ட். நானும் சந்தோஷமா அவருக்கு இருபது பர்சென்ட் எடுத்துக் குடுத்தேன்.

ரிட்டர்னோட கடைசியில ஒரு உறுதிமொழி இருக்கு, பாத்திருக்கீங்களா. நான் இன்னாரோட மகள் இன்னார், இதுல சொல்லியிருக்கறதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரி, முழுசுன்னு சொல்ற மாதிரி. என் பேரு, எங்கப்பா பேரு, ஓசூர்னு ஊர் பேரு. ஏஜென்ட் பேரு அதுல எங்கயும் இல்ல. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டியது நான்தான். இல்லாத கழிவைக் காட்டி வருமானத்தைக் குறைச்சா அதுக்கு வர்ற வரியில 200 பர்சென்ட் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. அப்பாவோட பேரை வெச்சு நான் படிச்சே பாக்காத ஒரு வாக்குமூலம் போயிருக்குன்னா அது யார் தப்பு? ஏஜென்ட் தப்புன்னு முதல்ல கோவம் வந்துச்சு, ஆனா பேப்பரைத் திருப்பிக் கூட பாக்காம ஓடிபி சொன்னது நான். அதான் இந்த வருஷம் என் ரிட்டர்னை நானே போடறதுன்னு முடிவு பண்ணேன்.

போடறது கஷ்டமான்னு கேட்டா, கணக்கு கஷ்டமே இல்ல, வார்த்தைதான் கஷ்டம். ஃபைனான்சியல் இயர் 2024-25, அசெஸ்மென்ட் இயர் 2025-26ன்னு ரெண்டு வருஷம் சொல்றாங்க, நாம சம்பாதிச்சது முதல் வருஷம், அதுக்குக் கணக்கு பாக்கறது அடுத்த வருஷம், அவ்வளவுதான் விஷயம், ஆனா அதைப் புரிஞ்சுக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு, ஏன்னா 2024-25க்கு வரி கட்டறப்பவும் 2025-26ன்னு தான் தேர்ந்தெடுக்கணும், மாத்திப் போட்டா பணம் வேற வருஷத்துல போய் உக்காந்துடும். 1961ல போட்ட சட்டத்துக்குப் பதிலா இப்ப புதுச் சட்டம் வந்திருக்கு, இந்த 21ஆம் தேதி தான் ஜனாதிபதி ஒப்புதல் குடுத்தாங்க, 2026 ஏப்ரல் 1லருந்து அமலுக்கு வருது, அதுல இந்த ரெட்டை வருஷக் குழப்பத்தை எடுத்துட்டு வரி ஆண்டுன்னு ஒரே வார்த்தையா வெச்சிருக்காங்க. அது நிஜமாவே நல்ல காரியம்.

சம்பளமும் பேங்க் வட்டியும் மட்டும் இருக்கறவங்களுக்கு ஐடிஆர் 1ங்கற ஃபார்ம் போதும், 50 லட்சம் வரைக்கும். உள்ள போனதும் பாதி தகவல் அவங்களே நிரப்பி வெச்சிருக்காங்க. ஆனா அதை அப்படியே நம்பி ஓகே குடுக்காம, ஏஐஎஸ்னு ஒரு அறிக்கை இருக்கு, நம்ம பான் நம்பர்ல எந்த பேங்க்ல எவ்வளவு வட்டி வந்துச்சு, எங்க டிடிஎஸ் பிடிச்சாங்க, ஷேர் வாங்கினது வித்தது எல்லாம் அதுல வரிசையா இருக்கும், அதை முதல்ல டவுன்லோடு பண்ணிப் பாருங்க. தப்பா இருந்தா இது என்னோடது இல்லன்னு அதுலயே பதில் குடுக்கலாம். எனக்கு அதுல தப்பு இல்ல, ஆனா நான் மறந்தே போன ஒண்ணு இருந்துச்சு.

தேன்கனிக்கோட்டை பக்கம் தாத்தா நிலத்தை 2024 ஆரம்பத்துல வித்தாங்க, அப்பா பங்குல 6,60,000 ரூபாயை என் கல்யாணத்துக்குன்னு என் பேர்ல எஃப்டி போட்டாரு. 7 பர்சென்ட் வட்டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை என் சேவிங்ஸ் அக்கவுண்ட்ல விழும், வருஷத்துக்கு 46,200. 40,000 தாண்டினதால பேங்க்ல 10 பர்சென்ட், 4,620 ரூபா டிடிஎஸ் பிடிச்சிருக்காங்க. இதை நான் வருமானம்னு நினைச்சதே இல்ல. அப்பாகிட்ட சொன்னதும் அவருக்கு கோவம்.

"அது என் பணம்மா, எங்கப்பன் நெலம், அதுக்கு உன்கிட்ட எதுக்கு வரி கேக்கறான்?"

"நீங்க எனக்குக் குடுத்ததுக்கு வரி இல்லப்பா. அதுல வர்ற வட்டிக்குத்தான். எஃப்டி என் பேர்ல இருக்கு, பான் நம்பர் என்னோடது."

"அப்ப என் பேர்ல போட்டிருந்தா வரி வந்திருக்காதே."

"உங்களுக்கு வேற வருமானம் இல்ல, வந்திருக்காதுப்பா."

அவர் ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, பொண்ணுக்குன்னு ஆசையா போட்ட பணம். ஆனா நிறைய வீட்ல இப்படித்தான் நடக்குது, பேருக்குத்தானேன்னு பொண்ணு பேர்ல பையன் பேர்ல போட்டுடறாங்க, அந்த வட்டி யாரோட வருமானம்னு யாரும் யோசிக்கறதில்ல.

இனிமே கணக்கு. கழிவு கம்மி, வரி விகிதமும் கம்மின்னு இருக்கற புது முறைன்னு சொல்றாங்களே, அதுதான் இப்ப நாம எதுவும் சொல்லலைன்னா தானா வர்றது. சம்பளம் 7,40,000ல, சம்பளக்காரங்க எல்லாருக்கும் தர்ற ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 75,000 போக 6,65,000. வட்டி சேர்க்காம இதோட நின்னிருந்தா 7 லட்சத்துக்குள்ள, வர்ற வரி முழுசும் தள்ளுபடி, அதனாலதான் கம்பெனியிலயும் எதுவும் பிடிக்கல. இதோட எஃப்டி வட்டி 46,200, சேவிங்ஸ் வட்டி 1,840 சேர்ந்தா 7,13,040. 3 லட்சம் வரைக்கும் இல்ல, 3லருந்து 7 வரைக்கும் 5 பர்சென்ட் 20,000, மிச்ச 13,040க்கு 10 பர்சென்ட் 1,304, ஆக 21,304. பதிமூணாயிரம் தாண்டினதுக்கு இருபத்தொண்ணாயிரமான்னு பயந்தே போயிட்டேன். ஆனா மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு இருக்கு, 7 லட்சத்துக்கு மேல எவ்வளவு தாண்டினோமோ அந்தத் தொகைக்கு மேல வரி வாங்க மாட்டாங்க. அதனால வரி 13,040, அதுக்கு செஸ்னு வரி மேல போடற 4 பர்சென்ட் சேர்த்தா 13,562. பேங்க்ல பிடிச்ச 4,620 போக நான் கட்ட வேண்டியது 8,940. கட்ட வேண்டிய பாக்கி 10,000 தாண்டியிருந்தா வருஷத்துக்கு நடுவுலயே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டலைன்னு வட்டியும் சேர்ந்திருக்கும், அந்த மட்டும் தப்பிச்சேன். இது எல்லாத்தையும் நான் முதல்ல நோட்டுல போட்டுப் பார்த்தேன், அப்புறம் வெப்சைட்ல அதே நம்பர் வந்தப்ப பத்தாவது ரிசல்ட் பார்த்த மாதிரி இருந்துச்சு.

பழைய முறையிலயும் போட்டுப் பார்த்தேன். ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 50,000, தொழில் வரி 2,500, பிஎஃப்பும் எல்ஐசியும் சேர்த்து சேமிப்புக்கான 80சி பிரிவுல 45,600, சேவிங்ஸ் வட்டிக்கு 1,840 எல்லாம் கழிச்சும் 6,88,100 நிக்குது, வரி 52,000 ரூபாய்க்கு மேல வருது. வாடகை, வீட்டு லோன் வட்டி எல்லாம் இருக்கறவங்களுக்கு பழைய முறை லாபமா இருக்கலாம், எனக்கு இல்ல. ஏஜென்ட்டுக்கு மரியாதைக்காக இந்த வருஷம் நானே போட்டுக்கறேன் சார்னு போன் பண்ணிச் சொன்னேன், அப்ப அவர் சொன்னாரு, பழைய முறையில போட்டு நாலஞ்சு கழிவு சேர்த்து 5 லட்சத்துக்குள்ள கொண்டு வந்துடறேன்மா, நீ கட்டவும் வேணாம், அந்த 4,620உம் திரும்பி வந்துடும்னு. 1,88,000 ரூபாய்க்கு மேல பொய் சொன்னாத்தான் 6,88,100 அஞ்சு லட்சத்துக்குள்ள வரும். அவர் அதை எவ்வளவு சாதாரணமா சொன்னாருங்கறதுதான் எனக்குத் தாங்கல.

ஃபார்ம்ல ஒரு கேள்வியைப் பத்தி சொல்லியே ஆகணும். புது முறையிலருந்து விலகிக்க விரும்பறீங்களான்னு கேக்கறாங்க. அதாவது பழைய முறை வேணும்னா ஆமான்னு சொல்லணும், புது முறை வேணும்னா இல்லைன்னு சொல்லணும். எனக்கு புது முறைதான் வேணும், அவசரத்துல ஆமான்னு தட்டிட்டேன், வரி 52,000 காட்டுது, நெஞ்சு அடைச்சுது. திரும்பப் போய் மாத்தினேன். எந்த முறை வேணும், புதுசா பழசான்னு நேரா கேட்டா என்ன குறைஞ்சுடும்? படிச்சவங்களே தடுமாறுவாங்க இதுல. துறையில இருக்கறவங்க யாராவது இந்த லெட்டரைப் பார்த்தா தயவுசெஞ்சு அந்த ஒரு கேள்வியை மாத்துங்க.

பழைய முறையில கழிவு கேக்கறவங்ககிட்ட இந்த வருஷத்துலருந்து பாலிசி நம்பர், இன்சூரன்ஸ் கம்பெனி பேரு எல்லாம் கேக்கறாங்க. சும்மா 25,000ன்னு நம்பர் மட்டும் போட்டுட்டுப் போக முடியாது. நல்லது. மூணு வருஷத்துக்கு முன்னாடியே இதைக் கேட்டிருந்தா என் ரிட்டர்ன்ல அந்தப் பொய் ஏறியிருக்காது.

மத்ததெல்லாம் சுலபம். நம்ம பேங்க் அக்கவுண்ட் எல்லாத்தையும் காட்டணும், பழைய சம்பள அக்கவுண்ட் ஓட்டத்துல இருந்தா அதையும், ரீஃபண்ட் வர்றதா இருந்தா எதுல வரணும்னு டிக் பண்ணணும். 8,940 ரூபாயை ஆன்லைன்லயே கட்டினேன், செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ்னு தேர்ந்தெடுக்கணும், கட்டினதும் சலான் நம்பர் வரும், அது ரிட்டர்ன்ல ஏறிடுச்சான்னு பார்த்துட்டுத்தான் சப்மிட் பண்ணணும். பணம் போறப்ப வருத்தமா இருந்துச்சான்னு கேட்டா இருந்துச்சு, அது என்னோட பத்து நாள் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட பாதி. ஆனா பயம் இல்ல.

சப்மிட் பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு நிறைய பேரு விட்டுடறாங்க. முடியல. 30 நாளுக்குள்ள வெரிஃபை, அதாவது இது நான் போட்டதுதான்னு உறுதி, பண்ணணும், ஆதார் ஓடிபியிலயே பண்ணலாம், முடியாதவங்க அக்னாலட்ஜ்மென்ட்டைப் பிரிண்ட் எடுத்து கையெழுத்துப் போட்டு பெங்களூர்ல ரிட்டர்னைச் சரிபார்க்கற சிபிசி ஆபீசுக்கு தபால்ல அனுப்பலாம். வெரிஃபை பண்ணலைன்னா ரிட்டர்ன் போடாத கணக்குத்தான். நான் ஆகஸ்ட் 10ஆம் தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி பண்ணினேன், ஓடிபி வந்துச்சு, இந்தத் தடவை யாருக்கும் படிச்சுச் சொல்லல, நானே போட்டேன். 26ஆம் தேதி இன்டிமேஷன் மெயில் வந்துச்சு, என் ஈமெயிலுக்கு. அந்த பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு பான் நம்பர் சின்ன எழுத்துல, அதோட சேர்த்து பிறந்த தேதி. திறந்தா ரெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துல இருக்கும், நாம சொன்னது ஒண்ணு, அவங்க கணக்கு போட்டது ஒண்ணு. ரெண்டும் ஒத்துப் போச்சு.

எங்க கம்பெனியில இப்ப பரவிட்டு இருக்கற ரெண்டு தப்பான பேச்சைப் பத்தியும் சொல்லிடறேன். ஒண்ணு, 12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு பட்ஜெட்ல சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு ஐடி போடணும்ங்கறது. அது 2025 ஏப்ரல்லருந்து சம்பாதிக்கறதுக்கு. இப்ப நாம கணக்கு குடுக்கறது அதுக்கு முந்தின வருஷத்துக்கு, அதுக்கு 7 லட்சம்தான். அதுவும் இல்லாம வரி இல்லங்கறது வேற, ரிட்டர்ன் வேணாம்ங்கறது வேற, வருமானம் 3 லட்சம் தாண்டிட்டா வரி ஜீரோவா இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். தேதி தாண்டினா டிசம்பர் 31 வரைக்கும் போடலாம், ஆனா 5,000 ரூபா லேட் ஃபீஸ், 5 லட்சத்துக்குள்ள வருமானம் இருந்தா 1,000. ரெண்டாவது, டிடிஎஸ் பிடிச்சுட்டாங்கன்னா வரி கட்டியாச்சு, பிடிக்கலைன்னா வரி இல்லங்கறது. என் கதையே இதுக்கு பதில், கம்பெனி ஒண்ணுமே பிடிக்கல, பேங்க் 10 பர்சென்ட் பிடிச்சாங்க, கடைசியில வந்தது வேற தொகை. இந்த வருஷத்துலருந்து பேங்க் வட்டி 50,000 தாண்டினாத்தான் டிடிஎஸ், அதனால என் எஃப்டிக்கு இனிமே பிடிக்கவே மாட்டாங்க, அதுக்காக அந்த வட்டி என் வருமானம் இல்லன்னு ஆயிடாது.

பழைய பொய்யை என்ன பண்றதுன்னு யோசிச்சேன். யாரும் கேக்கலையே, விட்டுடுன்னு தோழிங்க சொன்னாங்க. மனசு கேக்கல. ஐடிஆர் யூன்னு ஒரு வழி இருக்கு, பழைய ரிட்டர்னை நாமளே திருத்தி வரியைக் கட்டறது, முன்னாடி ரெண்டு வருஷம்தான் டைம், இந்த பட்ஜெட்ல நாலு வருஷம் ஆக்கியிருக்காங்க. ஆனா தள்ளிப் போடப் போடச் செலவு. என் விஷயத்துல இப்ப கட்டினா வரி, வட்டி எல்லாம் போக அதுக்கு மேல 50 பர்சென்ட் கூடுதல், 2026 மார்ச் தாண்டினா அது 60 ஆயிடும். இது எனக்குத் தனியா பண்ற அளவுக்குப் புரியல, அதனால ஊர்ல ஒரு ஆடிட்டர்கிட்ட போனேன், அவர் ரசீது குடுத்து ஃபீஸ் வாங்கினாரு, ஒவ்வொரு லைனையும் எனக்குக் காட்டிட்டுத்தான் எழுதறாரு, பாஸ்வேர்டு கேக்கவே இல்ல, நீயே லாகின் பண்ணுமான்னு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வெச்சாரு. அடுத்தவங்ககிட்ட குடுக்கறதே தப்புன்னு நான் சொல்ல வரல சார், நம்ம கண்ணு முன்னாடி நடக்கணும், அவ்வளவுதான். அந்தப் பணத்தை போனஸ் வந்ததும் கட்டப் போறேன். அடகுல இருக்கற ஒரு வளையல் இன்னும் கொஞ்சநாள் அங்கயே இருக்கும், அம்மாகிட்ட சொல்லிட்டேன், சரின்னு சொல்லிட்டாங்க.

போன வருஷம் ஜூலை 31க்குள்ள மட்டும் 7 கோடியே 28 லட்சம் பேரு ரிட்டர்ன் போட்டிருக்காங்க. பத்தாவதுல கூட்டு வட்டி படிச்சோம், டிப்ளமோல இன்டக்ரேஷன் படிச்சோம், ஒரு பீரியட் கூட இதை யாரும் சொல்லித் தரல. பாலிடெக்னிக்லயும் ஐடிஐயிலயும் கடைசி செமஸ்டர்ல ஒரே ஒரு நாள், பசங்களை உக்கார வெச்சு பான் கணக்கு திறக்கறது, ஏஐஎஸ் பாக்கறது, ரிட்டர்னோட கடைசிப் பக்கத்துல இருக்கற உறுதிமொழியைத் தமிழ்ல படிச்சுக் காட்டறது, இதைச் செஞ்சா போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவங்க ஜெராக்ஸ் கடைக்குப் போக மாட்டாங்க. உங்க பேப்பர்லயும் 15ஆம் தேதி வரைக்கும் தினமும் ஒரு சின்னப் பெட்டி போட்டு ஒரு வார்த்தை, அசெஸ்மென்ட் இயர்னா என்ன, ரிபேட்னா என்ன, இன்டிமேஷன்னா என்னன்னு எங்க ஊர்த் தமிழ்ல விளக்கினீங்கன்னா கோடி புண்ணியம்.

வர்ற 7ஆம் தேதி ஞாயித்துக்கிழமை எங்க செக்ஷன்ல ஆறு பேரு எங்க வீட்டுக்கு வர்றாங்க, அந்த லோன் அண்ணனும் வர்றாரு. ஆதார், பான், பேங்க் பாஸ்புக், போன்ல சார்ஜ், இது போதும்னு சொல்லியிருக்கேன். நான் யாருக்கும் போட்டுத் தர மாட்டேன், பக்கத்துல உக்காந்துப்பேன், அவங்கவங்கதான் தட்டணும். முதல்ல பாஸ்வேர்டு மாத்தறது, அப்புறம் பழைய ரிட்டர்ன் பாக்கறது, அப்புறம்தான் புதுசு. அம்மா எல்லாருக்கும் ராகி களியும் கீரைக் கொழம்பும் பண்றேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஓசூர்.